எடைக்கு எடை வெல்லம்

என் பெண்ணுக்கு மூன்று வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. விழுப்புரம் தனி மாவட்டமாகி, கடைத்தெருவில் கட்டிய தோரணம் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்த தொண்ணூற்று மூன்றாம் வருஷம். பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தோம். ஏழாம் நாள் சாயங்காலம் பிள்ளை கண்ணையே திறக்கவில்லை. நான் எட்டாவது வரை படித்தவள். டாக்டரம்மா சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதி பயமாக இருந்தது. எனக்குத் தெரிந்த பெரிய டாக்டர், திண்டிவனம் போகிற வழியில் மலைமேல் இருக்கிற முருகன்தான். ஜன்னல் வழியாக அந்தத் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டு, "முருகா, பிள்ளையை எழுப்பிக் கொடு, அவள் எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். துலாபாரம். தராசின் ஒரு தட்டில் பிள்ளை, இன்னொரு தட்டில் வெல்லம்.

ஒன்பதாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பாலில் தோய்த்துத் தின்னப் பொறை கேட்டாள். முருகன் தன் வேலையைச் செய்துவிட்டான். நான்தான் என் வேலையைத் தள்ளிப்போட்டேன். முதல் வருஷம் வீட்டுக்காரருடைய பெரியப்பா தவறிப்போய்த் தீட்டு. அடுத்த வருஷம் வீட்டுக்குக் கடைக்கால் போட்டோம். அதற்கடுத்த வருஷம் என்ன காரணம் என்று எனக்கே ஞாபகமில்லை. இப்படியே ஏழு வருஷம் போய்விட்டது. முருகன் பொறுமையாக இருந்தான். பிள்ளைதான் பொறுக்காமல் வளர்ந்துகொண்டே இருந்தாள்.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்த புதிதில் அவள் விரல் மொத்தம் இருந்தாள். பார்க்க வந்தவர்கள் கையில் ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள், வாயில் ஆளுக்கொரு சொல் கொண்டுவந்தார்கள்.

"இன்னாடி இது, புள்ளையா தொடப்பக்குச்சியா?"

"சோறு போடறியா, இல்ல காத்தக் குடுத்து வளக்கறியா?"

பிள்ளையின் முழங்கையைத் தூக்கிப் பிடித்து, சந்தையில் கோழியைப் பார்ப்பது போல் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் காப்பியைக் குடிப்பார்கள். எனக்கு மானம் போயிற்று. பாலில் முட்டை அடித்துக் கொடுத்தேன். கேப்பைக்கூழில் வெல்லம், பருப்பில் நெய், மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், உருண்டை, மாலையில் டானிக். பிள்ளை ஓடினால் பின்னாலேயே கிண்ணத்தோடு ஓடினேன். தெருக்கோடி வரை ஓடியிருக்கிறேன். எட்டு வயதில் அவளுக்குக் கன்னம் வந்தது, கை மொழுமொழு என்றானது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதே ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அதே காப்பி. "இன்னாடி, எந்த ரேஷன் கடை அரிசி போடற? எங்களுக்கும் சொல்லு." "பாப்பா, நீ ஒக்காந்தா எங்க வூட்டு பெஞ்சு தாங்குமா?" இப்போது முழங்கைக்குப் பதில் கன்னத்தைப் பிடித்தார்கள். பிடிப்பதற்கு அவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், திண்டிவனத்தில் இருக்கிறார். அவருக்கும் என் பெண் வயதில் ஒரு பெண். அந்தப் பெண் முருங்கைக்காய். அப்படித்தான் அவர்கள் வீட்டிலேயே கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பூசணி என்பார்கள். இரண்டு காய்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பந்தி போட்டால் நாத்தனாருக்கு ஒரே வேலை: முருங்கைக்காயின் இலையில் இரண்டாவது வடையை வைப்பார், அதே கையால் பூசணியின் இலையிலிருந்து ஒரு வடையை எடுப்பார். "நீ சாப்டுடி, காத்துல பறந்துடப்போற. கண்ணு, உனுக்குப் போதும்." இரண்டு பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொள்ளும். பிறகு கொல்லைப்பக்கம் கைகழுவப் போகிற சாக்கில் அந்தப் பெண் தன் வடையை என் பெண்ணிடம் கொடுத்துவிடுவாளாம். ஒருத்திக்கு இறங்கவில்லை, ஒருத்திக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்குள் நியாயம் நன்றாக இருந்தது. வெளியில் தெரிந்து இருவருக்கும் அடி விழுந்தது.

ஜூன் மாதம் யூனிபார்ம் தைக்கப் போனோம். கடைத்தெருத் தையற்காரர் அளவு எடுத்துச் சொல்லச் சொல்ல, உள்ளே இருக்கிற ஆள் நோட்டில் எழுத வேண்டும். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது. அதனால் இவர் கத்துவார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பாதிப் பிள்ளைகள் அம்மாக்களோடு வரிசையில் நிற்கிறார்கள்.

"இடுப்பு முப்பது!"

"இன்னாது, இருவதா?"

"முப்பதுய்யா! முப்பது! அஞ்சாவது படிக்கிற பொண்ணுதான்யா!" என்று எல்லோருக்கும் சேர்த்து விளக்கமும் சொன்னார். சொல்லிவிட்டு என்னிடம், "வளர்ற புள்ளம்மா, உள்ள ரெண்டு இஞ்ச் சேத்து மடிச்சுத் தச்சுடறேன்" என்றார். நானும் பெருமையாக, "மூணு இஞ்சாவே வுட்டுடுங்க" என்றேன். வரிசை சிரித்தது. பிள்ளை டேப்புக்குள் நின்றபடி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கு அவளுக்கே ஒரு பெண் பிறந்து ஸ்கூலுக்குப் போகிறது. இன்னமும் அவள் தையற்கடைக்குத் தானாகப் போவதில்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புகிறாள்.

அந்த யூனிபார்ம் தைத்த வருஷம்தான் எனக்குக் கெட்ட கனவு வந்து, இனிமேல் வேண்டுதலைத் தள்ளக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினோம். நாத்தனார் வீட்டுக்கு நாங்களே நேரில் போய்ச் சொன்னோம். அவர் என் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"மூணு வயசுல வேண்டிக்கினு பத்து வயசுல குடுக்கறீங்க. அப்பவே குடுத்திருந்தா ஒரு பையில முடிஞ்சிருக்கும். இப்ப இவ எடைக்கு வெல்லம் குடுத்தா முருகனுக்கே சக்கர வியாதி வந்துடும் போ."

கூடம் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்காரர் சிரித்தார். ஒளிப்பானேன், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். நாத்தனார் ஜோக்கடித்தால் தம்பி பெண்டாட்டி சத்தமாகச் சிரிக்க வேண்டும், அது ஒரு மரியாதை. "எத்தினி கிலோ இக்கும்? நாப்பது?" என்றார் அவர் வீட்டுக்காரர். "நாப்பத்தஞ்சு பந்தயம்" என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா, தராசுல ஏறும்போது எல்லாரும் பாப்பாங்களா?"

"பின்ன? அதுக்குத்தானே எல்லாரையும் கூப்ட்டுக்குறோம்" என்றேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. வருஷா வருஷம் நான் ஆறு நாள் விரதம் இருப்பேன். அந்த வருஷம் பிள்ளை வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நானும் விரதம் இருக்கறேம்மா" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்ணில் தண்ணீரே வந்தது. வேண்டுதலுக்கு நாள் குறித்த உடனே முருகன் அவள் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் மட்டும் முறைத்தார்.

"பத்து வயசுப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு விரதம்?"

"உங்க வம்சத்துல இப்பதான் ஒண்ணு பக்தியா பொறந்துக்குது. பொறுக்கலியா?" என்று கேட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்விட்டார்.

சஷ்டி முடிந்தது. அவள் முடிக்கவில்லை. கிருத்திகை என்றாள். பிறகு செவ்வாய் என்றாள். பிறகு வெள்ளி. கார்த்திகை பாதியில் திங்கள்கிழமையும் சேர்ந்தது. "திங்க சிவனுக்காச்சே?" என்றேன். "முருகனோட அப்பாதானேம்மா" என்றாள். இந்த வயதில் என்ன ஞானம் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளையை இழுத்துவந்து என் பெண்ணின் முன்னால் நிறுத்தி, "பாருடா, இதுவும் ஒரு புள்ள. நீயும் இக்கற, மூணு வேளையும் முழுங்கிக்கினு" என்று அவன் தலையில் குட்டினாள். கோயில் குருக்கள் தனியாகக் கூப்பிட்டு அவளுக்கு ஒரு மாலை போட்டார். நான் அந்த மாலையை வாடும் வரை வீட்டு நிலையில் தொங்கவிட்டேன்.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருநாள் என்னை வழியில் பார்த்து, "மத்தியானச் சோறு மொத்தத்தையும் மத்த பிள்ளைங்களுக்குக் குடுத்துடறா, கவனிங்க" என்றார். கவனிங்க என்று அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பத்து வயதில் அன்னதானம் செய்கிறாள் என்றுதான் கேட்டது. மறுநாளிலிருந்து டப்பாவில் இன்னும் ஒரு கரண்டி சேர்த்து வைத்தேன், நாலு பேர் கூடுதலாகச் சாப்பிடட்டும் என்று.

பொங்கலுக்கு நாத்தனார் வந்தார். பிள்ளையைப் பார்த்து மோவாயில் கை வைத்தார். "அட, இளைச்சு எவ்ளோ அழகாய்ட்டா! மொகத்துல ஒரு களை வந்துக்குது பாரேன்." என் பெண் அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை கேட்டது அதுதான் முதல் தடவை. "எல்லாம் விரதம் அண்ணி" என்றேன். "சாமிக்குச் சாமியும் ஆச்சு, ஒடம்புக்கு ஒடம்பும் ஆச்சு" என்றார். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலைப் பிள்ளை தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். எழுந்தால் கண் இருட்டுகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி பக்கத்தில் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லிவைத்திருந்தேன். இதை எழுதும்போது என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு முழுமனசோடுதான் சொன்னேன்.

அந்த ஞாயிறும் வந்தது. நாத்தனார் வீட்டார், என் அண்ணன் வீட்டார், டிப்போ ஆட்கள் நாலு பேர். மண்டியில் ஒரு மூட்டையும் கால் மூட்டையும் உருண்டை வெல்லம் வாங்கி மலைமேல் ஏற்றியாயிற்று. படியேறும்போது பிள்ளை மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். நாலாவது இடத்தில் அப்படியே சாய்ந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்துச் சோடா கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு, "இது சக்கரைத் தண்ணியாம்மா?" என்று கேட்டுத் தள்ளிவிட்டாள். வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டார். "வெயிட்டே இல்லடி இவ" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

மண்டபத்தில் தராசு தொங்கியது. உத்தரத்தில் சங்கிலி, இரண்டு பக்கமும் மனைக்கட்டை போல் பலகை. தராசுக்காரர், பெரியவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஏத்துங்க, ஜல்தியா" என்றார். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று கழுத்தை நீட்டினார்கள். பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்மா."

"இன்னா பாப்பா, சாமி காரியம்" என்றார் அண்ணன்.

"ஏறு கண்ணு, எவ்ளோ எளைச்சுக்கிறன்னு நாங்களும் பாக்குறோம்" என்றார் நாத்தனார்.

நான் குனிந்து அவள் கையைப் பிரித்தேன். பிரிக்கும்போது என் காதில் மட்டும் சொன்னாள். "இன்னும் ரெண்டு கிலோ கொறையலம்மா. அடுத்த மாசம் ஏறிக்கிறேன். இன்னும் ஒரே ஒரு மாசம் விரதம் இருந்துடறேன்."

சந்நிதிக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மாதமாக நான் தெருத்தெருவாகப் பாடிய பக்தி எல்லாம் இதுதான். பிள்ளை பட்டினி கிடந்தது முருகனுக்காக இல்லை, எங்களுக்காக. அவளை உயிரோடு கொடு என்று நான் கேட்டதற்குத்தான் முருகன் வெல்லம் கேட்டான். கேட்டதுகூட இல்லை, நானாகச் சொன்னேன். அவன் கொடுத்த உயிரை வாங்கிக்கொண்டு, அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தராசில் வைக்க வந்திருக்கிறேன்.

தராசுக்காரரிடம் போனேன். "ஐயா, புள்ள ஏறலன்னா தப்பா?"

"யாரு வேண்டினது?"

"நான்தான்."

"அப்ப நீ ஏறு. வேண்டின ஒடம்பும் ஒடம்புதானே" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம் காத்திருந்தது.

நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் என் பக்கம் தொம்மென்று தரைக்கு வந்தது. ஒரு மூட்டை வைத்தார்கள், அசையவில்லை. கால் மூட்டை வைத்தார்கள், லேசாக ஆடியது. தராசுக்காரர் சங்கிலியைப் பார்த்து, "போதலியே" என்றார். என் அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். டிப்போக்காரர் ஒருவர், "மெக்கானிக்கு, வூட்ல லாரிய வெச்சிக்கினு பஸ்ஸு ரிப்பேர் பண்ணிக்கினு கீறியே" என்றார். வீட்டுக்காரர் அடிவாரக் கடைக்கு வெல்லம் வாங்க இறங்கி ஓடினார். பாதியில் இறங்கக்கூடாது என்று தராசுக்காரர் சொல்லிவிட்டதால், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம்.

அந்த அரை மணியில் ஒன்றைக் கவனித்தேன். நான் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சைக்கூட முழுசாக விடவில்லை. இரண்டு பிள்ளை பெற்று ஒன்றை மண்ணுக்குக் கொடுத்தவள், முப்பத்தாறு வயதுக்காரி, சாமி சந்நிதியில், மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்பது போல் உட்கார்ந்திருக்கிறேன். தராசு அதற்கெல்லாம் ஏமாறுமா? ஆனாலும் விட முடியவில்லை. அத்தனை கண்.

பிள்ளை தூணை விட்டுவிட்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"வெக்கமா இக்குதாம்மா?"

"இக்குதுடி."

"எனுக்கும் அப்பிடித்தான் இந்துது. தையக்கடையில."

"தெரியாம போச்சு கண்ணு."

"அத்த வூட்ல நீயும் சிரிச்ச."

"சிரிச்சேன்" என்றேன். சாமி எதிரில் பொய் சொல்ல முடியாது. "சாமி கோச்சிக்குமா, நான் ஏறலன்னு?" என்று கேட்டாள். "என் மேலதான் கோவம் இக்கும். உன்மேல இருக்காது" என்றேன். அதை யோசித்துப் பார்த்தாள். சரி என்பது போல் இருந்தது அவள் முகம்.

வீட்டுக்காரர் வியர்த்து விறுவிறுத்து ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பை கிழிந்து உருண்டைகள் மண்டபத்தில் ஓடின. எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். பிள்ளையும் பொறுக்கினாள். ஒவ்வொரு உருண்டையாகக் கொண்டுபோய் எதிர்த் தட்டில் வைத்தாள். நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையை விட்டு எழும்பினேன். ஒவ்வொரு தடவை நான் எழும்பும்போதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு நான் கோபப்படவில்லை.

ஒரு உருண்டை கல்லில் பட்டு உடைந்திருந்தது. பெரிய துண்டைத் தட்டில் வைத்தாள். உள்ளங்கையில் தூள் ஒட்டியிருந்தது. அதை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நக்கினாள். கீழே கிடந்த சின்னத் துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டுக்கொண்டாள். சாப்பிடு, இன்னும் சாப்பிடு என்று என் தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னால் துப்பிவிடுவாளோ என்று பயம். முகத்தைச் சந்நிதிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நாத்தனார் பார்த்துவிட்டார். "ஏய், பாத்துடி, இப்பதான் கஷ்டப்பட்டு..." என்று ஆரம்பித்தார்.

பதினாலு வருஷத்தில் நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தரைக்கும் தட்டுக்கும் நடுவில் கால் தொங்க உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, வாய மூடிக்கினு வெல்லத்த எடுத்து வைங்க" என்றேன்.

தராசுக்காரர் மட்டும், "இன்னும் ஒரு கிலோ போதும்" என்றார். பிள்ளை இன்னொரு துண்டைக் கடித்தபடியே அதை எடுத்துவரப் போனாள்.